ஒத்திகைக்கு வந்தவன்

ஊருக்கெல்லாம் வேலை வாங்கிக் கொடுப்பவளின் வீட்டில் ஒருவன் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள். வேலைக்கு வழிகாட்டுபவளின் தம்பிக்கு மட்டும் இன்னும் யாரும் பழமொழி கட்டவில்லை. சீக்கிரம் கட்டிவிடுவார்களோ என்ற பயம் அக்காவுக்கு இருந்தது.

அவளை எல்லாருமே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் சின்னவனுக்கு அக்கா. அவளுடைய வேலை வழிகாட்டி மையத்தில், சான்றிதழ்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிற அத்தனை பிள்ளைகளுக்கும் அக்கா. எந்தப் படிப்புக்கு எந்த வேலை, எந்த வேலைக்கு என்ன பயிற்சி என்பதில் தொடங்கி, நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும், கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுப்பாள். எல்லாவற்றுக்கும் மேலே, பதில்கள். நேர்காணலில் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் அவளிடம் ஒரு பதில் இஸ்திரி போட்டு மடித்து வைத்தபடி இருக்கும். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால், எடுத்த வேலையை முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது என்று சொல்ல வேண்டும். படித்து முடித்து இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், அந்தக் காலத்தைக் கூடுதல் திறன்களை வளர்த்துக்கொள்ளப் பயன்படுத்தினேன் என்று சொல்ல வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பிறகு லேசாகப் புன்னகைக்க வேண்டும் என்பதற்குக்கூட விதி உண்டு. வேலை கிடைத்தவர்கள் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். கிடைக்காதவர்கள் வரமாட்டார்கள். அதனால் தன்னுடைய பதில்கள் நன்றாக வேலை செய்கின்றன என்று அக்கா நம்பியதில் ஆச்சரியமில்லை.

மையத்தின் பெருமை ஒத்திகை நேர்காணல். அதுவும் அக்காவின் யோசனைதான். தெரிந்த முகங்களை வைத்து மையத்துக்குள்ளேயே நடத்தினால் யாருக்கும் பயம் வராது, பயம் வராவிட்டால் அப்புறம் என்ன பயிற்சி என்று கேட்டு, நிஜ அலுவலகங்களிலேயே அறை வாங்கினாள். கேள்வி கேட்பவர்கள் அந்த அலுவலகத்து ஆட்கள். வரவேற்பறையில் காத்திருக்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும். முடிவில் அவர்கள் தேர்வு என்றோ மன்னிக்கவும் என்றோ பொய்யாக ஒரு முடிவையும் அறிவிப்பார்கள். இரண்டையும் முகம் மாறாமல் வாங்கிக்கொள்ளப் பழக வேண்டாமா? பிறகு மார்க் போட்டு மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வந்தவனுக்கு இது ஒத்திகை என்று தெரியும் என்பதைத் தவிர, நிஜத்துக்கும் அதற்கும் மயிரிழைகூட வித்தியாசம் கிடையாது.

அந்த ஒத்திகைகளில் சின்னவன் சிங்கம். எங்கே நடத்தினாலும் அவனுக்குத்தான் முதல் மார்க். ஆனால் நிஜ நேர்காணலுக்குப் போனால் மட்டும் பூனையாகத் திரும்பி வருவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இல்லைன்னுட்டாங்கக்கா" என்பான். என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று அக்கா குடைவாள். "நீ சொல்லிக் குடுத்ததைத்தான் சொன்னேன்" என்று சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். அம்மா அந்தச் சட்டையை எடுத்து மறுபடி துவைத்துத் தேய்த்து வைப்பாள். அடுத்த நேர்காணலுக்கு அதே சட்டை போகும். அதே பதிலோடு வரும்.

"ஊரான் பிள்ளைக்கெல்லாம் வழி காட்டுற. கூடப் பிறந்தவன் நடுத்தெருவுல நிக்கிறான்" என்று அம்மா ஒருநாள் சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா சண்டை போட்டிருப்பாள். அம்மா இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். அது அக்காவுக்கு ஊசியாகக் குத்தியது.

யோசித்து யோசித்து அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். பையனுக்குத் திறமை இருக்கிறது, அதற்கு ஒத்திகை மார்க்கே சாட்சி. நிஜம் என்கிற நினைப்புதான் அவனைச் சாய்க்கிறது. அப்படியானால் நிஜத்தை நிஜம் என்று சொல்லாமல் விட்டுவிட்டால் போயிற்று. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்கிறார்களே, ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு வேலையை முடித்தால் என்ன குடி முழுகிவிடும்?

லிஃப்ட் பொருத்தித் தந்து பழுது பார்க்கிற கம்பெனி ஒன்றில் தொலைபேசி மேசைக்கு ஆள் எடுத்தார்கள். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்திக் கூப்பிடுவார்கள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருப்பதுதான் வேலை. அக்காவே அவன் சார்பில் விண்ணப்பம் போட்டாள். கடைசி ஆளாகக் கூப்பிடச் சொல்லி மேலாளர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள், மற்றவர்களோடு பேசி அவன் உண்மையைத் தெரிந்துகொண்டுவிடக் கூடாதே. "எங்க பசங்க எப்படிப் பண்றாங்கன்னு காதால கேக்கணும் மேடம், பக்கத்துல எங்கயாவது ஒரு மூலையில உக்காந்துக்கிறேன்" என்றும் அனுமதி வாங்கினாள். தம்பி என்று மட்டும் சொல்லவில்லை. பொய் என்று வந்துவிட்டால் அதற்கு ஒரு துணைப் பொய்யும் வேண்டியிருக்கிறது.

"நாளைக்கு ஒரு ஒத்திகை இருக்குடா. புது இடம்" என்றாள் தம்பியிடம்.

"சரிக்கா" என்றான். பயமில்லை, முணுமுணுப்பில்லை. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று அக்கா தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

லிஃப்ட் கம்பெனிக்கு மாடிப்படி ஏறித்தான் போக வேண்டியிருந்தது. அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை. அக்கா முன்னதாகவே போய், நேர்காணல் அறைக்கு அடுத்த உதிரிபாக அறையில் உட்கார்ந்துகொண்டாள். சுற்றிலும் கதவு உருளைகள், சுருட்டி வைத்த கம்பிக் கயிறுகள், மாடி எண்கள் போட்ட பொத்தான் பலகைகள். உட்கார ஒரு மரப்பெட்டி. எல்லாவற்றின் மேலும் கிரீஸ் பிசுக்கு. இரண்டு அறைக்கும் நடுவே பிளைவுட் தடுப்பு, அதுவும் கூரைவரை போகவில்லை. அந்தப் பக்கம் ஒருவர் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் கேட்கும்.

சின்னவன் உள்ளே வந்தது, வணக்கம் சொன்னது, உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தது எல்லாம் அக்காவின் காதில் அச்சுப் பிசகாமல் விழுந்தது. கேள்வி கேட்க இரண்டு பேர். மேலாளர் அம்மா ஒருவர். இன்னொருவர் மெக்கானிக்குகளுக்குச் சூப்பர்வைசர், தொண்டையில் மணல் கொட்டிய மாதிரிக் குரல் அவருக்கு.

"படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் ஆகப்போகுது. இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று மேலாளர் அம்மா கேட்டார்.

அக்காவின் உதடுகள் தானாக அசைந்தன.

"அந்தக் காலத்தை நான்..." என்று சின்னவன் ஆரம்பித்தான்.

"கூடுதல் திறன்களை வளர்த்துக்கொள்ளப் பயன்படுத்தினேன்" என்று சூப்பர்வைசர் மீதியை ராகம் போட்டுச் சொல்லி முடித்தார். "அதானே? காலையிலேர்ந்து வர்றவங்க எல்லாம் இதையேதான் சொல்றாங்க தம்பி. எல்லாரும் ஒரே கடையில வாங்கிட்டு வருவீங்க போல."

அக்காவுக்குச் சுரீர் என்றது. காது மடல் சூடானது. அந்தப் பதிலை அவள் எத்தனை யோசித்து, எத்தனை சொல்லை மாற்றிச் செதுக்கினாள் என்று அந்த மனிதருக்குத் தெரியுமா? எழுந்து போய்க் கேட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அந்தப் பக்கம் சின்னவன் சிரித்துவிட்டான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த புன்னகை இல்லை. வாய்விட்டு வந்த சிரிப்பு.

"என்ன சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். முதல் தடவை நிஜ இன்டர்வியூ போனப்பவும் இதேதான் நடந்துச்சு. நான் வாயைத் திறந்தேன், அவங்க மூணு பேரும் சேர்ந்து பாட்டு மாதிரி மீதியைச் சொல்லிட்டாங்க. அந்த அக்கா சென்டரான்னு கேட்டாங்க. பலவீனம் என்னன்னும் அவங்களே கேட்டு, தூக்கம் வராதுன்னு அவங்களே பதில் சொல்லிச் சிரிச்சாங்க. கடைசியில ஒருத்தர், சரிப்பா, அதெல்லாம் எங்களுக்கே மனப்பாடம், நீ சொல்றதுக்கு உன்கிட்ட ஏதாவது இருக்கான்னு கேட்டாரு. தேடிப் பாத்தேன் மேடம். ஒண்ணுமே இல்ல. எழுந்து வந்துட்டேன்."

அக்காவின் கை தானாகப் போய் மரப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அந்த முதல் நேர்காணல் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு வந்தவன், ரொம்ப நேரம் கேள்வி கேட்டார்கள், கடைசியில் இல்லை என்றுவிட்டார்கள் என்றுதான் சொன்னான். அவள் அவனைத் திட்டினாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியிருக்க மாட்டாய் என்று, அதே பதிலை இன்னும் பலமுறை சொல்லவைத்தாள்.

"அதுக்கப்புறம் போன இன்டர்வியூவுல எல்லாம்?" மேலாளர் அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அதுக்கப்புறம் எதுக்கும் போகல மேடம்."

"போகலையா?"

"வீட்டுலேர்ந்து கிளம்புவேன். அம்மா சட்டையைத் தேய்ச்சுக் குடுப்பாங்க. கம்பெனி கேட் வரைக்கும் போவேன். அங்க கால் நின்னுடும். கொஞ்ச நேரம் நின்னு பாப்பேன். அப்புறம் பஸ் நிலையத்துக்குப் போய் உக்காந்துட்டு, நேரம் ஆனதும் வீட்டுக்குப் போய், இல்லைன்னுட்டாங்கன்னு சொல்லிடுவேன். ஒத்திகைக்கு மட்டும் வந்துடுவேன். இங்க யாரும் நிஜமாச் சிரிக்க மாட்டாங்க. மிஞ்சிப்போனா மார்க் குறையும், அவ்வளவுதானே? இதுவும் ஒத்திகைங்கிறதாலதான் மேடம் வெளிப்படையாச் சொல்றேன்."



அக்காவுக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. ஒன்றா, இரண்டா? அந்தப் பக்கம் தம்பி இத்தனை காலம் போட்ட நாடகம் உடைந்து கொட்டுகிறது. இந்தப் பக்கம் அவள் போட்ட நாடகம் எந்த நொடியும் உடையப் போகிறது. ஒத்திகையா, யார் சொன்னது என்று மேலாளர் அம்மா ஒரு வார்த்தை கேட்டால் போதும்.  ஒவ்வொரு முறையும் அவன் தோற்றுத் திரும்பினான் என்று நினைத்து, எங்கே தோற்றான், எந்தக் கேள்வியில் தோற்றான் என்று ராப்பகலாகத் துருவியவள் அவள். அவன் எந்தக் கேள்வியிலும் தோற்கவில்லை. அவன் உள்ளேயே போகவில்லை.

மேலாளர் அம்மா தொண்டையைச் செருமினார். "ம்... சொல்லுங்க. பரவாயில்ல" என்றார்.

அவர் காட்டிக் கொடுக்கவில்லை. அக்காவுக்கு மூச்சு வந்தது. ஆனால் சின்னவன் அதோடு விடுகிறவனாக இல்லை.

"ஒரு உதவி மேடம். மார்க் அனுப்பும்போது இதையெல்லாம் எழுதிடாதீங்க. அந்த சென்டர் அக்கா என் கூடப் பிறந்த அக்காதான். ஊருக்கே வழி காட்டுறவங்க. தம்பி கேட்டைத் தாண்டினதில்லைன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

தாங்க மாட்டாள்தான். உதிரிபாக அறையில் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிரீஸ் கன்னத்தில் ஒட்டியதுகூடத் தெரியவில்லை.

சூப்பர்வைசர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்ட சத்தம் கேட்டது. "சரி தம்பி, அதை விடு. எனக்கு ஒண்ணு சொல்லு. லிஃப்ட் நடுவுல நின்னு போச்சு. உள்ள ஒரு பொம்பளை, தனியா. போன்ல கத்துறாங்க. என்ன சொல்லுவ?"

இந்தக் கேள்விக்கு அக்கா பதில் தயாரித்திருந்தாள். பயப்படாதீர்கள், எங்கள் பணியாளர் உடனே வந்துவிடுவார், பொறுமையாக இருங்கள். முந்தின நாள்தான் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன் சார்" என்றான் சின்னவன்.

"ஏன்?"

"எனக்கு அதைத் தினமும் சொல்றாங்க. அதைக் கேட்டா பயம் போகாது சார். இதுக்குப் போய்ப் பயப்படுறோமேன்னு கூட வெக்கமும் சேர்ந்துக்கும்."

"அப்ப என்னதான் சொல்லுவ?"

"முதல்ல கத்த விடுவேன். நடுவுல பேச மாட்டேன், ஆனா லைன்ல இருக்கேன்னு மட்டும் தெரியற மாதிரி ம், ம்னு சொல்லுவேன். மூச்சு வாங்கும்போது, கையில என்ன வச்சிருக்கீங்கன்னு கேப்பேன். பை வச்சிருக்கேன்னா பையில என்ன இருக்குன்னு கேப்பேன். கேட்டுக்கு வெளிய நிக்கும்போது நான் அப்படித்தான் பண்ணுவேன், ஃபைல்ல இருக்கிறதை ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்பேன். கை எதையாவது செஞ்சா மனசு கொஞ்சம் அடங்கும். அப்புறம் மெக்கானிக் எங்க வந்துட்டு இருக்காருன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுவேன். நேரம் ஆகும்னா ஆகும்னுதான் சொல்லுவேன். இதோ வந்துட்டாருன்னு பொய் சொல்ல மாட்டேன் சார். உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு நம்ம குரலை விட்டா வேற எதுவும் இல்ல. அதுவும் பொய்யின்னு தெரிஞ்சா எதைப் பிடிச்சுக்குவாங்க?"

 சூப்பர்வைசர் இந்த முறை ராகம் எதுவும் இல்லாமல், "ம்" என்றார்.

இந்தப் பையனை அக்காவுக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் இத்தனை வருடம் இருந்தும் இப்படி ஒருவன் அவனுக்குள் இருக்கிறான் என்று தெரியாது. எப்படித் தெரியும்? அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள்தான் ஒரு பதிலை எடுத்து ஊட்டிவிட்டாளே. அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க தேர்வாகிட்டீங்க. திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கலாம்" என்றார் மேலாளர் அம்மா.

"ரொம்ப நன்றி மேடம். இந்த வாய்ப்புக்கு என் தகுதியை நிரூபிப்பேன்" என்றான் சின்னவன். அது அக்காவின் பதில், வார்த்தை பிசகவில்லை. எழுந்தவன் ஒரு கணம் நின்று, கொஞ்சம் தயங்கி, "மேடம், மார்க் எவ்வளவுன்னு இப்பவே தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டான்.

"கீழே இருங்க. சொல்றேன்" என்றார் அவர்.

படியிறங்கும் காலடிச் சத்தம் ஓய்ந்ததும் உதிரிபாக அறைக் கதவு திறந்தது. மேலாளர் அம்மா உள்ளே வந்து, உட்கார இடம் தேடிக் கிடைக்காமல் நின்றுகொண்டார். பின்னாலேயே சூப்பர்வைசர் வாசலில் சாய்ந்து நின்றார். அக்கா எழுந்து நின்றாள். 

"நீங்கதான் அவன் கூடப் பிறந்த அந்த அக்காவா?" என்றார் மேலாளர் அம்மா. "அவனுக்கு இது ஒத்திகைன்னு சொன்னது நீங்களா?"

"ஆமா மேடம்."

மேலாளர் அம்மா தலையாட்டிக்கொண்டார்.

"எனக்கு இந்தப் பையன் வேணும். காலையிலேர்ந்து வந்த அத்தனை பேர்ல பயந்தவங்ககிட்டப் பேசத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான். ஆனா தனக்கு வேலை கிடைச்சிருக்குன்னு தெரியாத ஆளை நான் எப்படி வேலைக்கு எடுக்கிறது? திங்கக்கிழமை அவன் வீட்டுல படுத்திருப்பான். நாளைக்கு இதுவும் பொய்யின்னு தெரிஞ்சா, அடுத்த கேட்டையும் தாண்ட மாட்டான்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்களே போய் உண்மையைச் சொல்லுங்க. எல்லாம் தெரிஞ்சு அவனாத் திரும்பி இந்தப் படியேறி வந்தா, அந்த நாற்காலி அவனுக்கு. ஆபீஸ் மூடுற வரைக்கும் நாங்க இருப்போம். வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன். எனக்கு மேசை காலியா இருக்கக் கூடாது."

"அம்மா," என்றார் சூப்பர்வைசர் அக்காவிடம், "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பசங்க எல்லாரும் நல்ல பசங்க. ஆனா பத்துப் பேர் வந்தா எனக்கு ஒரே ஆள் பத்துத் தடவை வந்த மாதிரி இருக்கு."

அவர் நக்கலாகச் சொல்லவில்லை. நக்கலாகச் சொல்லியிருந்தால் அக்கா தப்பித்திருப்பாள். படியிறங்கும்போது அவளுக்குக் கண்ணுக்குள் முகம் முகமாக வந்தது, நன்றி சொல்ல வராதவர்களின் முகங்கள். அவர்களில் எத்தனை பேர் உள்ளே சிரிப்பு வாங்கிக்கொண்டு போனார்கள்? எத்தனை பேர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்? இதுவரை அவள் அவர்களை உழைப்பு போதாதவர்கள் என்றுதான் நினைத்து வந்தாள்.

சின்னவன் வாசல் கேட்டுக்கு வெளியே, தெருவோரம் நின்றுகொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. "நீ எங்கக்கா இங்க? கன்னத்துல என்ன கறுப்பா?" என்றான்.

"இது ஒத்திகை இல்லடா" என்றாள் அக்கா. சுற்றி வளைக்க அவளிடம் தெம்பில்லை. "நிஜ இன்டர்வியூ. நான்தான் பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். வேலை நிஜம். அவங்க தேர்வுன்னு சொன்னதும் நிஜம்."

அவன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்று, முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. மாடி ஜன்னலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான்.

"அப்ப நான் அங்க சொன்னதெல்லாம்... நிஜ ஆளுங்ககிட்டயா சொன்னேன்?"

"ஆமா."

"நீ எங்க இருந்த?"

அக்கா வாயைத் திறந்தாள். இப்போதும் ஒரு பொய் தயாராக, நாக்கு நுனியில் வந்து நின்றது. இப்பத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டால் அவனுக்கும் மானம் மிஞ்சும், அவளுக்கும் மிஞ்சும்.

"பக்கத்து அறையில" என்றாள். "எல்லாத்தையும் கேட்டேன்."

 அவன் ஃபைலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். தெருவில் யாரோ மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள், அவன் விலகக்கூட இல்லை, சைக்கிள்தான் அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"எத்தனை நாள் பஸ் நிலையத்துல உக்காந்திருந்தேன் தெரியுமா உனக்கு?" என்றான் கடைசியில். "உன்கிட்டச் சொல்லிடலாம்னு ஒவ்வொரு நாளும் வருவேன். உள்ள நுழைஞ்சதும், எந்தக் கேள்வியில விட்டேன்னு கேப்ப. எப்படி இருக்கன்னு நீ ஒரு நாள்கூடக் கேக்கல."

 பயப்படாதே, நீ போனால் போதும் என்று அக்காவுக்குச் சொல்ல வந்தது. தொண்டையிலேயே விழுங்கினாள். அந்தச் சொல் இனி தன் வாயிலிருந்து எப்படி வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மேல ரெண்டு பேரும் இருக்காங்க" என்றாள். "ஆபீஸ் மூடுற வரைக்கும் இருப்பாங்க. எல்லாம் தெரிஞ்சு நீயாப் போனா வேலை உனக்கு. போகலைன்னா வேற ஒருத்தருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சின்னவன் கேட்டைப் பார்த்தான். சாதாரணக் கேட்தான், பெயின்ட் உரிந்தது, ஒரு பக்கம் எப்போதும் திறந்தே கிடப்பது. சற்று முன் அதன் வழியாகத்தான் உள்ளே போய் வெளியே வந்தான். இப்போது ஃபைலைத் திறந்தான். சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்தான்.  அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.  இத்தனை நாள் எத்தனை கேட்டுகளுக்கு வெளியே, யாரும் பார்க்காமல், இவன் இப்படி நின்றானோ? பக்கத்தில் போகலாமா, தோளைத் தொடலாமா, முதல் வாக்கியத்தை மட்டுமாவது சொல்லிக் கொடுக்கலாமா என்று உடம்பு பரபரத்தது. ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டாள்.

"நீ வராதே" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமலேயே.

பிறகு உள்ளே போனான். வேகமாகப் போகவில்லை. நடுவழியில் ஒருமுறை நின்றான். அங்கேயே திரும்பிவிடுவான் என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது வாசலில் அவன் இல்லை, படியில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இங்கே நின்று ஒட்டுக்கேட்கப் பிளைவுட் தடுப்பு இல்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவன் என்ன சொல்கிறான், எங்கே நிறுத்துகிறான், குரல் உடைகிறதா, எதுவும் தெரியவில்லை. மாடி ஜன்னலில் ஒரு நிழல் நகர்ந்தது, அது யாருடையது என்றும் தெரியவில்லை. எத்தனையோ பிள்ளைகளை உள்ளே அனுப்பியவள், வெளியே நின்று பார்த்தது அன்றைக்குத்தான். கால் மரத்துப்போனது. யாரோ ஒரு அம்மாள் கடந்து போகும்போது, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சின்னவன் வெளியே வந்தபோது சட்டை முதுகெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. ஆனால் நேராக நடந்து வந்தான்.

"திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க" என்றான்.

அக்காவுக்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்தது, ஆனால் அந்த அதிர்ச்சியைத் தாண்டி வரமுடியாமல் எங்கோ தொலைவிலேயே நின்றது. "திரும்ப என்னடா கேட்டாங்க?" என்றாள். பழக்கம் விடுமா?

"ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. உங்க அக்கா நேத்தே உண்மையைச் சொல்லியிருந்தா, இன்னைக்கு உள்ள வந்திருப்பீங்களான்னு."

 அவள் செய்தது கெடுதலா, நல்லதா? தம்பியின் கையைப் பிடித்துக் கரையேற்றினாளா, கழுத்தைப் பிடித்துத் தள்ளினாளா? அந்த ஒரு கேள்விக்குள் எல்லாம் இருந்தது.

"நீ என்ன சொன்ன?"

சின்னவன் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான், கன்னத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி.

"கேட்டது அவங்க. அவங்ககிட்டச் சொல்லிட்டேன்" என்றான். "அதை மட்டும் நீ கேக்காதேக்கா."

அவன் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தான். அக்கா கைக்குட்டையோடு பின்னால் போனாள். வீடு வந்து சேரும்வரை அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.